எல்லைக்கு வெளியே இருபத்து மூன்று குழந்தைகள்

2025 மே 7, புதன்கிழமை. பெரம்பலூர் மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள ஆலங்குட்டை துணை சுகாதார நிலையத்தில் அன்று தடுப்பூசிக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை பூஜ்யம்.

கிராம செவிலியர் கலையரசி காலை எட்டரை மணிக்கே மருந்துப் பெட்டியைத் திறந்து ஐஸ் உருகிவிட்டதா என்று பார்த்தாள். ஒன்பதரைக்கு மறுபடியும் பார்த்தாள். பத்தரைக்குப் பெட்டியைப் பூட்டி, வரவேண்டியவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மாதத்தில் முதல் புதனும் மூன்றாம் புதனும் ஊசி நாள். இது அந்த ஊரில் பால் குடிக்கும் பிள்ளையைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும்.

முதல் வீடு சத்யாவுடையது. அவள் பையனுக்கு ஒன்பது மாதம் முடிந்து மே 1 அன்று தட்டம்மை ஊசிக்கு நாள் வந்திருந்தது. சத்யா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஊசி இல்லையேக்கா" என்றாள்.

"யாரு சொன்னா?"

"ஊருக்குக் காப்பு கட்டியாச்சே."

"காப்பு நேத்து ராத்திரிதானே கட்டுனாங்க. நான் போன மாசமே தேதி சொல்லிட்டேன்."

"ஆத்தா அதுக்கும் முந்தியே சொல்லிட்டா" என்று சத்யா துணியை உதறினாள்.

கலையரசி அந்த ஊருக்கு வந்து ஆறு ஆண்டு ஆகிறது. மாரியம்மன் திருவிழாவை அவள் பார்த்ததில்லை. தேர் வடத்தை முதலில் யார் தொடுவது என்று இரண்டு வகையறாவுக்குள் வழக்கு நடந்ததால் திருவிழா நின்றுபோயிருந்தது. பதினோரு ஆண்டு நடந்த வழக்கு மார்ச்சில் முடிந்தது. செவ்வாய்க்கிழமை இரவு காப்பு கட்டினார்கள். பதினேழு நாள் திருவிழா, 23ஆம் தேதி மஞ்சள் நீர். அதுவரை எல்லைக்குள் ரத்தம் சிந்தக்கூடாது. கறிக்கடைக்காரர் தராசைக் கழற்றி வைத்துவிட்டார். சலூன்காரர் கடைக் கதவில் ஒரு தாளில் 24ஆம் தேதி திறக்கும் என்று எழுதி ஒட்டிவிட்டு உள்ளே படுத்துத் தூங்கினார். ஊசி போடும் பெண்ணிடம் மட்டும் யாரும் தனியாகச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும் என்று நினைத்துவிட்டார்கள்.

பட்டியலில் இருபத்து மூன்று பெயர் இருந்தது. மே 1 முதல் 20 வரை நாள் வருகிறவர்கள்; அதற்குப் பின் அந்த மாதம் யாருக்கும் நாள் இல்லை. அட்டையில் குறித்த நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் போட்டால் அது உரிய காலத்தில் போட்டது. பதினைந்தாம் நாள் போட்டாலும் குழந்தைக்குப் பாதுகாப்புதான், ஆனால் நிலையத்தின் மாத விகிதத்தில் சேராது. ஏழாம் தேதி போயிற்று, இருபத்தொன்றாம் தேதியும் காப்புக்குள் வருகிறது. அடுத்தது ஜூன் 4. அதற்குள் இருபத்து மூன்று பேருக்கும் கெடு தாண்டிவிடும்.

விகிதம் எண்பதுக்குக் கீழே போனால் மெமோ வரும். மெமோ நிலுவையில் இருப்பவர்களை இடமாறுதல் கலந்தாய்வுக்குக் கூப்பிட மாட்டார்கள். கலந்தாய்வு ஜூன் 12. அரியலூர் மாவட்டத்தில், வரதராஜன்பேட்டைக்கு மூன்று கிலோமீட்டரில் ஒரு இடம் காலியாக இருந்தது. வரதராஜன்பேட்டையில் கலையரசியின் கணவர் வீரமணி முந்திரிக்கொட்டை வியாபாரம் செய்கிறார். மகள் தமிழ்மொழி அங்கேதான் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். சனிக்கிழமை மாலை போய் ஞாயிறு இரவு திரும்பும் தாயாக ஆறு ஆண்டு இருந்தாயிற்று. ஏப்ரல் மாத விகிதம் தொண்ணூற்றாறு. பணிமூப்பு வரிசையில் மூத்தவளும் அவள்தான். இடம் கிடைத்துவிடும் என்று வீரமணி ஒரு பீரோ வாங்கி வைத்திருந்தார்.

கோயில் தர்மகர்த்தா முருகையன் டிராக்டரின் கீழே படுத்து ஏதோ திருகிக்கொண்டிருந்தார். கலையரசியின் செருப்பைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டார்.

"வாங்க நர்சம்மா. நானே வரணும்னு இருந்தேன். மஞ்சள் நீர் அன்னிக்கு வெயில்ல யாராச்சும் மயங்கி விழுந்தா நீங்கதான் பாத்துக்கணும்."

"பாத்துக்கறேங்கய்யா. புள்ளைங்களுக்கு ஊசி போடணும்."

முருகையன் வெளியே வந்து கையைத் துடைத்தார். "ஊசிக்கு நான் எதிரியா? என் பேரனுக்கு நீங்கதான போட்டீங்க. ஆனா எல்லைக்குள்ள ஒரு சொட்டு ரத்தம் விழக்கூடாது. பதினோரு வருஷம் கழிச்சுக் கட்டுன காப்பு. இதுல ஒண்ணு ஆச்சுன்னா அந்த வகையறா என்னைய என்ன பேசுவான்?"

"வாயில விடற சொட்டு மருந்து இருக்கே?"

"அதுல ரத்தம் வருமா?"

"வராது."

"அப்ப அதைத் தாராளமா விடுங்க."

"அது மட்டும் விட்டா கணக்குல வராதுங்கய்யா. ஊசியும் சேத்துப் போடணும்."

"கணக்குக்கு ஆத்தா என்னங்க பண்ணுவா."

ஊசி போட்ட இடத்தில் வருவது ஒரு சொட்டு கூட இல்லை, கடுகளவு என்று சொல்லலாம். சொல்லிப் பயனில்லை. கடுகளவுக்கும் ஆத்தாவுக்குக் கோபம் வரும் என்பார். எல்லைக்கு வெளியே இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கைக்குழந்தையோடு சித்திரை வெயிலில் இருபத்து மூன்று பேர் போகமாட்டார்கள். கலையரசி வேறொன்று கேட்டாள்.

"எல்லைன்னா எதுவரைக்குங்கய்யா?"

"கரகம் போற தூரம் பூரா எல்லைதான். வடக்க ஏரி தாண்டி கல்லு வரைக்கும். கிழக்கயும் மேக்கயும் ரெண்டு மைலு."

"தெக்க?"

"தெக்க ஓடைதான். நானூறு அடி நடந்தா முடிஞ்சுது."

"ஓடைக்கு அந்தண்ட?"

"அது அரியலூரு ஜில்லா" என்றார் முருகையன். "அங்க நம்ம ஆத்தா பாக்க மாட்டா. அங்க வேற ஆத்தா."

"வூட்டுப் பொம்பளைங்க அங்க போயிட்டு வரலாமா?"

"ராத் தங்கக்கூடாது. பொழுது சாயறதுக்குள்ள திரும்பிட்டா குத்தமில்ல." சற்று யோசித்து, "புள்ளைக்கு ரத்தம் நின்னதுக்கு அப்புறம்தான் எல்லைய மிதிக்கணும்" என்றும் சேர்த்தார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் தரைப்பாலத்தை ஒட்டி ஒரு பஸ் நிழற்குடை இருந்தது. பஸ் நின்று எட்டு மாதமாகிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் மட்டும் அதைத் தாண்டிப் போகும். அந்தப் பகுதி அரியலூர் மாவட்டச் செவிலியர் சிவரஞ்சனியின் பொறுப்பில் வருவது. இருவரும் பயிற்சி வகுப்புகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கம்.

"வந்து போடுங்கக்கா, நிழற்குடை என் அப்பன் வூட்டுச் சொத்தா?" என்றாள் சிவரஞ்சனி போனில். "எனக்குத்தான் ஆள் வர மாட்டேங்குது. பாதி சனம் செங்கல் சூளைக்குப் போயிட்டு. அறுபதைத் தாண்ட மாட்டேங்குது என் விகிதம். உங்க புள்ளைங்களையாச்சும் கண்ணால பாக்கறேன். பெஞ்சு நான் கொண்டாரேன், டீ நீங்க வாங்கிக் குடுங்க."

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அன்பழகன் முழுவதையும் கேட்டார்.

"பெத்தவங்க மறுப்புன்னு பதிஞ்சுட்டா உங்களுக்கு வேலை மிச்சமில்லையா?" என்றார்.

"மறுப்புன்னு போட்டா விழிப்புணர்வு வேன் வரும் சார். வேன் வந்து மைக் போட்டா ஊர்ல சண்டை வரும். அவங்க மறுக்கவும் இல்லையே."

"சரி, போடுங்க. கூடுதலா பதினாலாம் தேதியும் ஒரு நாள் வச்சுக்குங்க. புள்ளைக்கு மருந்து போய்ச் சேரணும், அதானே. எழுத்துல எதுவும் கேக்காதீங்க."

கலையரசி எழுத்தில் எதுவும் கேட்கவில்லை.

மே 14 அன்று காலை பதின்மூன்று தாய்மார்கள் பிள்ளைகளோடு ஓடையைத் தாண்டினார்கள். முருகையன் தரைப்பாலத்தின் கைப்பிடிச் சுவரில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சிவரஞ்சனி கொண்டுவந்த பெஞ்சின் ஒரு கால் குட்டையாக இருந்ததால் அதன் கீழே சுண்ணாம்புக்கல் ஒன்றை வைத்தார்கள்.

முதலில் சத்யாவின் பையன். வலது கையில் ஊசி இறங்கியதும் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பையன் அழலாமா லாரியைப் பார்க்கலாமா என்று சற்று நேரம் தடுமாறி, பிறகு அழுதான்.

"அரை மணி நேரம் இங்கேயே இருக்கணும் சத்யா" என்றாள் கலையரசி வழக்கப்படி.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும் என்பது விதி. பத்தொன்பது ஆண்டுப் பணியில் அவள் அதைச் சொல்லாத புதன்கிழமை கிடையாது. யாரும் உட்கார்ந்ததும் கிடையாது. அடுப்பில் உலை இருக்கும், ஆடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போயிருக்கும். அன்று மட்டும் சத்யா மறுபேச்சில்லாமல் நிழற்குடையின் திண்டில் உட்கார்ந்தாள். பதின்மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பாலத்தில் முருகையன் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் தொடையையும் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

"இது என்ன சிவப்பா?"

"கொசு கடிச்சது மாமா" என்றாள் சத்யா.

"எந்த ஜில்லாக் கொசு?"

"வுடுங்க மாமா, இடுப்பு ஒடியுது."

"பத்து நிமிஷம் உக்காந்துட்டு வா தாயி. எனக்கென்ன அவசரம்."

ரத்தம் துடைத்த பஞ்சு ஒன்று கூட ஊருக்குள் வரக்கூடாது என்று சொல்லியிருந்ததால், அதையும் ஊசிகளையும் சிவரஞ்சனியே தன் நிலையத்துக்கு எடுத்துப்போனாள்.

கலையரசி தன் போனில் இருந்த தடுப்பூசிச் செயலியில் பதிவு செய்யும்போதுதான் ஒரு சிறிய பெட்டி திறந்தது. 'நீங்கள் உங்கள் நிலையத்தின் எல்லையில் இல்லை. தற்போதைய இடத்தில் பதிவு செய்யவா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

"இதென்ன ரஞ்சனி கேக்குது?"

"எனக்கு வந்ததில்லையேக்கா."

இல்லை என்றால் தன் நிலையத்துக்குப் போய் அங்கே உட்கார்ந்து, அங்கே போட்டதாகப் பதிய வேண்டும். அங்கே போடவில்லை. கலையரசி ஆம் என்பதைத் தொட்டாள். பச்சைக் குறி வந்தது. பதின்மூன்று முறை தொட்டாள், பதின்மூன்று பச்சைக் குறி வந்தது. 21ஆம் தேதி மீதிப் பத்துப் பேருக்கும் அதே நிழற்குடையில், அதே பெஞ்சில், அதே கல்லின் மேல் ஊசி போட்டு, பத்து முறை தொட்டாள். இருபத்து மூன்று பேருக்கும் கெடுவுக்குள் போட்டாயிற்று. அன்று மாலை வீரமணியிடம் போனில், "பீரோவை எந்தச் சுவருல வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

23ஆம் தேதி மஞ்சள் நீர் நடந்தது. யாரும் மயங்கி விழவில்லை. 24ஆம் தேதி சலூன் திறந்தது.

ஜூன் 2, திங்கட்கிழமை மே மாத விகிதம் வெளியானது. ஆலங்குட்டை: வரவேண்டியவர்கள் இருபத்து மூன்று, உரிய காலத்தில் போட்டவர்கள் பூஜ்யம், விகிதம் பூஜ்யம். அதே நேரம் சிவரஞ்சனியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, எனக்கு நூத்தி நாப்பத்தி மூணு வந்திருக்கு."

"காய்ச்சலா?"

"விகிதம்கா. வரவேண்டியது இருபத்தெட்டு, போட்டது நாப்பது. கூப்பிட்டுப் பாராட்டுனாங்க. எப்படிப் பண்ணீங்கன்னு அடுத்த கூட்டத்துல எல்லாருக்கும் விளக்கணுமாம். நூறுக்கு மேல போகாதேன்னு ஒருத்தர் கேட்டாரு. அதனால நூறுன்னு போட்டுட்டாங்க."

கலையரசி நாற்பதிலிருந்து தன் இருபத்து மூன்றைக் கழித்துப் பார்த்தாள்.

"உங்க புள்ளைங்க பதிவை எல்லாம் நான் அழிச்சுடறேன்கா. நீங்க உங்க பக்கம் மறுபடி ஏத்திக்குங்க" என்றாள் சிவரஞ்சனி.

கலையரசி அன்று மதியம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே கணினிப் பதிவு பார்க்கும் செல்லதுரை அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, இரண்டு மாதம் முன் இதேபோல் ஒரு பதிவைத் திருத்த முயன்றதைச் சொன்னார். அழிக்கலாம். மறுபடி ஏற்றலாம். ஆனால் ஏற்றுகிற நாள்தான் ஊசி போட்ட நாளாக விழும்.

"இன்னிக்கு ஏத்துனா ஜூன் 2ன்னு காட்டும். முக்காவாசிப் பேருக்கு மேல தாமதம்னு வரும். மீதிப் பேரு உங்களுக்குக் கெடைப்பாங்க."

"எத்தனை பேரு?"

செல்லதுரை விரல் விட்டு எண்ணினார். "நாள் 19லயும் 20லயும் வந்தவங்க மட்டும்தான் தப்புவாங்க. நாலு பேரு."

இருபத்து மூன்றில் நான்கு. பதினேழு சதவீதம்.

டாக்டர் அன்பழகன் வேறொரு வழி சொன்னார். ஏழாம் தேதியே ஆலங்குட்டையில் போட்டதாகவும், பதிவு தாமதமானதாகவும் கையால் ஒரு பட்டியல் எழுதி மேலே அனுப்பலாம். சில சமயம் ஏற்றுக்கொள்வார்கள்.

"ஏழாம் தேதி பாதிப் பேருக்கு மேல நாளே வரல சார்."

"சரி, பதினாலு, இருபத்தொண்ணுன்னு போடுங்க. எடம் ஆலங்குட்டைன்னு போடுங்க."

"அங்க போடலையே சார். ஊரே ஓடையத் தாண்டி வந்துச்சு. முருகையன் ஐயா பாலத்துல உக்காந்திருந்தாரு."

"நான் சொல்றது உங்க நல்லதுக்கு."

"செயலியில ஒண்ணு, காகிதத்துல ஒண்ணுன்னு ரெண்டு எடத்துல ரெண்டு தடவை போட்டதா ஆயிடும் சார். சூளை வேலைக்குப் போற சனம். நாளைக்கு எந்த ஊர்லயோ ஒரு நர்சு அட்டையப் பாப்பா, போனப் பாப்பா, எதை நம்புறதுன்னு தெரியாம மறுபடி போடுவா. இல்ல, அடுத்ததைப் போடாம வுட்டுடுவா."

டாக்டர் மேசையில் இருந்த பேனாவை மூடினார். "நான் அனுமதி குடுத்தேன்னு எழுதிடாதீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை, கேட்டுக்கொள்வதுபோல்தான் இருந்தது.

கலையரசி திரும்பும் வழியில் பஸ்ஸிலிருந்தே சிவரஞ்சனிக்குப் போன் செய்தாள்.

"எதையும் அழிக்காத ரஞ்சனி. நாள் சரியா இருக்கு. அது அப்படியே இருக்கட்டும்."

"உங்களுக்கு மெமோ வருமேக்கா."

"வரும்."

மெமோ ஜூன் 4 அன்று வந்தது. உரிய காலத் தடுப்பூசி விகிதம் பூஜ்யமாக இருந்ததற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. அன்று ஊசி நாள். ஆலங்குட்டை நிலையத்துக்குள்ளேயே ஊசி போட்டாள். யாரும் அரை மணி நேரம் உட்காரவில்லை.

செய்தி முருகையனுக்குப் போயிற்று. அவர் மாலையில் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"எங்களால வந்த வினை. நாங்களே தீத்து வைக்கறோம்" என்று ஒரு உறையை நீட்டினார். கோயில் பெயர் அச்சடித்த தாளில், ஊர் சார்பாக எழுதியிருந்தது. எங்கள் ஊர்ச் செவிலியர், திருவிழாக் காப்பை மதித்து, நாங்கள் கேட்டுக்கொண்டபடி, இருபத்து மூன்று குழந்தைகளையும் எல்லைக்கு வெளியே அரியலூர் மாவட்டத்துக்கு அழைத்துச் சென்று ஊசி போட்டார் என்பதை உறுதி செய்கிறோம். கீழே இரண்டு வகையறாவின் பெரிய ஆட்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பதினோரு ஆண்டில் அவர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட முதல் காகிதம் அது. கோயில் முத்திரையும் இருந்தது.

"ஆத்தா முத்திரை. இதுக்கு மேல யாரு என்ன கேப்பா?" என்றார் முருகையன்.

"ஐயா, இதை நான் குடுத்துக்கறேன்" என்றாள் கலையரசி.

அவள் கொடுக்கவில்லை. கோயில் தாளை உறையோடு மருந்து அலமாரியில் வைத்துவிட்டு, தன் விளக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினாள். முருகையன் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். நர்சம்மா கூச்சப்படுவார் என்று ஊகித்து, பெரம்பலூருக்கு உரம் வாங்கப் போனபோது அதை மாவட்ட சுகாதார அலுவலகத்தில் தானே நேரில் கொடுத்து, ரசீதும் வாங்கிவந்தார்.

ஜூன் 10 அன்று இரண்டாவது மெமோ வந்தது. எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பணி எல்லையைத் தாண்டியது பற்றி விளக்கம் கேட்டிருந்தார்கள். இணைப்பாகக் கோயில் முத்திரையிட்ட கடிதத்தின் நகல் இருந்தது.

சத்யா அன்று பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். போனில் ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. அடுத்த தவணைக்கு அணுக வேண்டிய நிலையம் என்று ஓடைக்கு அந்தண்டை இருக்கிற நிலையத்தின் பெயர் இருந்தது.

"நாங்க எல்லாம் அரியலூருக்குப் போயிட்டமாம்கா" என்றாள். "நீங்க கேட்ட மாறுதல் எங்களுக்குக் கெடைச்சுட்டு."

கலையரசி அட்டையை வாங்கி அடுத்த நாளைப் பென்சிலால் வட்டமிட்டாள். "இங்கேயே வா. நான் இருப்பேன்" என்றாள்.

இரவு வீரமணி போனில் பீரோவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தமிழ்மொழி போனை வாங்கி, "அம்மா, சனிக்கிழமை வரும்போது என் ஜியோமெட்ரி பாக்ஸ் எடுத்துட்டு வா. லீவுக்கு வந்தப்ப அங்க வச்சுட்டு வந்துட்டேன்" என்றாள்.

இருபத்து மூன்று பேர் பட்டியலிலிருந்து விலகிவிட்டதால் ஜூன் மாதம் ஆலங்குட்டையில் வரவேண்டிய குழந்தைகள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் உரிய காலத்தில் போடப்பட்டது. விகிதம் நூறு.

இடமாறுதல் கலந்தாய்வு ஜூன் 12, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் மூன்று மணிக்கு முடிந்தது. வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்து இடம் பதினோராவது பெயருக்குப் போயிற்று. கூப்பிட்டவர்களின் பட்டியலில் கலையரசியின் பெயர் இல்லை.